சிவப்பு வட்டம் போட்ட முதுகெலும்பு

ஸ்கேன் ஃபிலிம வாங்கி டாக்டர்கிட்ட குடுக்கணும். அவ்ளோதான் அன்னிக்கு வேலை.

என் வூட்டுக்காரி தண்ணி பக்கெட்ட தூக்குனா. முதுகுல ஒரு எலும்பு அப்பளமா நொறுங்கிடுச்சு. எலும்புல வலு இல்லையாம்.

டாக்டர் சொல்லியிருந்தாரு: "நரம்ப அமுக்கலன்னா ஊசி வழியா எலும்புக்குள்ள சிமெண்டு. சாயங்காலமே நடக்கலாம். அமுக்கியிருந்தா முதுகத் திறந்து ஸ்க்ரூ, ராடு. ஃபிலிம பாத்துட்டு சொல்றேன்."

"கத்தி மட்டும் வேணாங்க"ன்னா, படுத்துகினே.

"நான் பாத்துக்கறேன்"னேன்!

வழியில டீக்கடையில எங்க மைன்ஸ் ஆளுங்க. டாக்டர் சொன்னத சொன்னதும் ஃபிலிம் கவர பிடுங்கிட்டாங்க.

சிவில் செக்‌ஷன்காரரு, "சிமெண்டுதான்யா! ஆனா காங்கிரீட்டுக்கு போடற மாதிரி மூணு வாரம் ஈரச்சாக்கு போடணும்."

எங்க ஃபோர்மேன் எகிறுனாரு. "ஆடுற எடத்துக்கு போல்ட்டுதான். வாஷர் மறக்காத!"

"அக்கா என்னய்யா, கன்வேயர் பெல்ட்டா?"ன்னாரு சிவில்காரரு.

"பின்ன, செப்டிக் டேங்க்கா?"ன்னாரு ஃபோர்மேன்.

நான் கூச்சமே இல்லாம சிரிச்சுகினு நிக்கறேன்.

மைன்ஸ்ல ஒரு பழக்கம். மெஷின்ல விரிசல பாத்தா சிவப்பு மார்க்கர்ல வட்டம் போட்டு, "மாத்தணும்"னு எழுதி, ஷிஃப்ட்டோட கையெழுத்து போடணும்.

ஃபோர்மேன் ஃபிலிம வெயில்ல தூக்கிப் பிடிச்சாரு. கை பழகிப்போச்சு மனுசனுக்கு. வட்டம், எழுத்து, கையெழுத்து எல்லாத்தையும் போட்டுட்டாரு!

"யோவ், அது எம் பொண்டாட்டி முதுகுய்யா!"

மார்க்கர என் பாக்கெட்ல சொருவிட்டு நழுவிட்டாரு.

டாக்டர் ஃபிலிம லைட்ல மாட்டுனாரு. கண்ணாடிய கழட்டி, தொடச்சு, மறுபடி போட்டாரு.

"யாருங்க இந்த செகண்ட் ஷிஃப்ட்?"

"எங்க ஃபோர்மேனுங்க."

"அவரு மாத்தச் சொல்ற எலும்பு நல்லா இருக்கு. ஒடஞ்சது அதுக்குக் கீழ. இவரு கோடு சரியா நரம்பு மேல ஓடுது. ஒண்ணும் தெரியல."

ஒரு மார்க்கர் கோட்டால அவ முதுக திறந்துடுவாங்களோ!

நர்ஸம்மா பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு தேய்ச்சாங்க. தேய்ச்சாங்க, தேய்ச்சாங்க. வட்டம் போச்சு. "மாத்தணும்" மட்டும் போவல.

டாக்டர் குனிஞ்சு பாத்தாரு. "நரம்பு தப்பிச்சுது. சிமெண்டு போதும்."

சந்தோஷத்துல வாய் சும்மா இருக்குதா? "ஈரச்சாக்கு போடணுமா சார்?"ன்னேன்.

"நீங்க வெளியில இருங்க."

சிமெண்டு போட்டு வூட்டுக்கு கூட்டியாந்து, கதைய முழுசா சொன்னேன். அவ சிரிக்கவேயில்ல.

மறுநாள் டூட்டி முடிஞ்சு வரேன். செவுத்துல எங்க கல்யாண போட்டோ. என் மூஞ்சச் சுத்தி சிவப்பு வட்டம். பக்கத்துல "மாத்தணும்". கீழ அவ கையெழுத்து. ஷிஃப்ட்: இருபத்திநாலு மணி நேரமும்.

போட்டோ மாட்டுன ஆணி என் தலைக்கு மேல இருக்கு. நிமிந்து நின்னு, கையத் தூக்கித்தான் எழுதியிருக்கணும்.

சிமெண்டு நல்லா செட் ஆயிருக்கு.