ரசமட்டமும் எங்கள் வீட்டு யானைகளும்

திருவண்ணாமலையில் மலை ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே கோணல் என்று நம்புகிறவர் ரசமட்டம். மலைக்கு அவர் ஏணி எட்டவில்லை, அதனால் அது தப்பித்தது.

அவருடைய சொந்தப் பெயர் வேங்கிக்காலில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஏதோ ஓர் அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில், கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, உள்ளே குமிழி ஓடும் சின்ன ரசமட்டம் இருக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் மேசை சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, இலை முன் உட்கார்ந்த எட்டுப் பேரை எழுப்பிவிட்டு, மேசைக் காலுக்கு அட்டை மடித்து வைத்தார். மட்டம் சரியானபோது வடை தீர்ந்திருந்தது. அவர் வீட்டில் சுவர்க் கடிகாரத்தை மாட்டி முடிப்பதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பார்கள். நான் நம்புகிறேன்.

இப்படிப்பட்டவரின் கையில்தான் எங்கள் மானம் சிக்கியது.

எங்கள் கிரகப்பிரவேசத்துக்குச் சென்னையிலிருந்து வந்த என் மனைவியின் அக்கா, ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னடி, சுவரெல்லாம் மொட்டையா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை என் மனைவியை மாதக்கணக்கில் அரித்தது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருவதாக அக்கா போன் செய்ததும், சுவரின் மேல் ஓரத்தில் ஒட்டுகிற அலங்காரக் காகிதப் பட்டை ஒன்றை வரவழைத்தாள். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும் யானைகள்.

"இந்த வாட்டி அக்கா வாயே தொறக்கக் கூடாதுங்க" என்றாள்.

ஒட்ட ஆள் தேடுவதற்குள் ரசமட்டம் ஏணியோடு வந்துவிட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஏறியவர் பட்டையைத் தொடவே இல்லை. ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்து, வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"சீலிங்கு ரெண்டு விரக்கடை சாஞ்சிருக்கு சார்."

"நாங்க யாரும் அதைப் பார்க்கலையே. சீலிங்கை ஒட்டியே போயிடலாங்க" என்றேன்.

"அது தப்பு பண்ணா நாமளும் பண்ணணுமா?"

நூலடித்துத் தனியாக ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு ஒரு மூலையில் சீலிங்கைத் தொட்டது, எதிர் மூலையில் பல்லி படுக்கிற அளவுக்கு இடைவெளி விட்டது.

அடுத்த குறையைப் பட்டையை விரித்ததும் கண்டுபிடித்தார். யானைகள் இடப்பக்கம் பார்த்து நடந்தன. அப்படியே ஒட்டினால் ஹாலை இடமாகச் சுற்றும்.

"ஊரே மலையை வலமா சுத்துது. உங்க வூட்டு யானை மட்டும் எடமா போலாமா? தலைகீழா ஒட்டிட்டா வலமா போவும்."

"காலு மேல இருக்குமே சார்" என்றாள் என் மனைவி.

"இருக்கட்டும்மா. திசைதான முக்கியம்."

"அதுங்க கிரிவலம் போவல சார். எங்க வூட்டுக்கு வருதுங்க." அந்தக் குரலை எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துபோயிற்று. யானைகளை நிற்கவைத்தே ஒட்டினார்.

பௌர்ணமியன்று அக்கா வந்தார். தன் வேலையைப் பார்த்து ரசிக்க ரசமட்டமும் வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தார். "என்னடி இது, பார்டர் கோணலா போகுது?"

என் மனைவியின் முகம் செத்துவிட்டது. ரசமட்டத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. தன் வேலையைக் கோணல் என்று சொன்னதற்காகச் சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்திய மனிதர் அவர். இப்போது கருவியை எடுத்து வைத்தால் பட்டை நேர் என்று நிரூபணமாகிவிடும். கூடவே, கடன் வாங்கிக் கட்டிய எங்கள் புதுவீடுதான் கோணல் என்றும் தெரிந்துவிடும். பத்து வருடத்துக்குச் சொல்லிக்காட்ட அக்காவுக்கு அது போதும்.

அவர் என் மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பையிலிருந்து வெறுங்கையை எடுத்தார்.

"நான்தாம்மா ஒட்டுனேன். வயசாயிடுச்சி, கண்ணு சரியா தெரியல. நல்லா கட்டுன வூட்ட நான்தான் கெடுத்துட்டேன்."

அக்கா சங்கடப்பட்டு, "பரவாயில்லைங்க, யானை அழகா இருக்கு" என்றார். என் மனைவி காபி போட வேகமாக உள்ளே போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

கேட் வரைக்கும் அவர் கூடவே போனேன். "பார்டர் நேராத்தான சார் இருக்கு?"

"ஒரு நூல் பிசகல. அந்தச் சென்னை அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

அன்றிலிருந்து, என்னைத் தவிர வேறு யாராவது அவரைக் கேலி செய்தால் எனக்குக் கோபம் வருகிறது.