மாமனார் சாப்பிட வராத மதியம்

காகம் ஒரு முகத்தைப் பார்த்தால் வருஷக்கணக்கில் மறக்காது என்று எங்கோ படித்திருக்கிறேன். பொதுவாக நான் படித்தது எதுவும் எனக்குப் பயன்பட்டதில்லை. இது பயன்பட்டது.

போலகத்தில் எங்கள் வீட்டு மாடியை ஒட்டி ஒரு வாதாமரம். அதில் காகம் கூடு கட்டிய கோடையில் என் மகள் யாழினிக்கு மூன்று வயது. பிள்ளைக்குக் கைப்பேசியைக் கொடுக்காமல் இயற்கையைக் காட்டி வளர்க்க வேண்டும் என்று நான் தீவிரமாக இருந்த காலம். (கைப்பேசியில் படித்துத்தான் அந்த முடிவுக்கு வந்தேன்.) தினமும் இருவரும் மாடியில் நின்று பார்த்தோம். முட்டை, பிறகு குஞ்சு, பிறகு எப்போதும் திறந்தே கிடக்கும் சிவந்த வாய். ஒருநாள் காலை ஒரு குஞ்சு மாடித் தரையில் கிடந்தது.

தொடாதே, தாய் பார்த்துக்கொள்ளும் என்று கைப்பேசியில் ஓரிடத்தில் போட்டிருந்தது. வெயிலில் விடாதே, எடுத்து வை என்று இன்னோரிடத்தில். நான் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் செருப்புப் பெட்டியில் போட்டுச் சோற்றுப் பருக்கை ஊட்டினேன். சாயங்காலம் அது என் உள்ளங்கையிலேயே செத்துப்போனது. கிளை முழுக்கக் காகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. (சாட்சிக்குக் குறைவில்லை.)

அதிலிருந்து நான் மாடி ஏறினால் தலையில் கொத்து விழும். கணவரின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு துணி காயப்போட்டேன். காகம் தலையில் தட்டினால் சனி பிடித்திருக்கிறது என்று தெருவே சொன்னதால் திருநள்ளாறு போய் எள் தீபமும் ஏற்றினேன். அங்கிருந்த காகங்கள் என்னைச் சட்டை செய்யவில்லை. வீட்டுக் காகங்களுக்குத் தகவல் வந்து சேரவில்லை.

அந்த மாதமே மாமனாரின் தலைத்திவசம். நெஞ்சுவலியில் அவர் போன அன்று காலை, ஊறுகாய்க்காக ஒரு சண்டை. பிரஷர் இருக்கிறதே என்று மாமியார் ஜாடியை ஒளித்துவைத்தார். அவர் சாப்பிடாமல் எழுந்து வெளியே போனார், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து மாமியார் ஊறுகாயைத் தொடவில்லை. திவசச் சோற்றைக் காகம் எடுத்தால்தான் அவர் தன்னை மன்னித்ததாக அர்த்தம் என்று இருந்தார். படையலில் முதலில் வைத்ததே நார்த்தங்காய் ஊறுகாய்தான்.

மருமகள் கையால் வைத்தால் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நாத்தனார் என்னை முன்னே அனுப்பினார். (பட்டுப்புடவைக்கு ஹெல்மெட் பொருந்தவில்லை.) கைப்பிடிச்சுவரில் இலையை வைத்து, "கா... கா..." என்றேன். மரத்திலிருந்து ஒரே கூச்சல். ஊரிலுள்ள காகங்களெல்லாம் வந்து சேர்ந்தன. ஒன்றுகூட இலைப்பக்கம் வரவில்லை. குடும்பமே மாடிக்கு ஏறி வந்தது. தயிர் ஊற்றிப் பார்த்தார்கள், வடையைப் பிட்டுப் போட்டார்கள். கீழே சொந்தக்காரர்கள் பசியோடு காத்திருந்தார்கள்.

"அப்பாவுக்கு மனசுல ஏதோ குறை இருக்கு," என்றார் நாத்தனார்.

மாமியார் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஊறுகாதானே கேட்டீங்க," என்றார் மரத்தைப் பார்த்து. "வச்சிருக்கேங்க. எடுத்துக்கங்களேன்."

கணவரை ஓரமாக அழைத்து, காகங்களுக்குக் கோபம் என்மேல்தான் என்றேன்.

"எங்கப்பா திவசத்துலயும் உன்னைப் பத்திதானா?"

நியாயமான கேள்வி. ஆனாலும் நான் இறங்கிப்போய் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மேலே கூச்சல் அடங்கியது. பிறகு, "எடுத்துட்டாரு, எடுத்துட்டாரு" என்று நாத்தனாரின் குரல். முதல் காகம் ஊறுகாயைத்தான் கவ்விக்கொண்டு போனதாம்.

மாமியார் இறங்கி வந்தார். அந்த ஒரு வருஷத்தில் நான் பார்க்காத முகம்.

"கோவம் எம்மேல இல்லம்மா," என்றார். "உம்மேலதான்."

குஞ்சையும் செருப்புப் பெட்டியையும் விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் இலை முன் உட்கார்ந்து, கேட்டு வாங்கி ஊறுகாய் போட்டுக்கொண்டார். வாயை மூடிக்கொண்டேன்.

இப்போதும் அமாவாசைதோறும் சோறு வைத்து முடிகிறவரை என்னை அறைக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். வருகிறவர்களிடமெல்லாம் மாமியார், "அவருக்கு இவளைக் கண்டா ஆவாது" என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். யாழினி பள்ளியிலும் சொல்லிவிட்டாள்: "எங்க தாத்தா காக்கா. அம்மாவ மட்டும் கொத்துவாரு."

நானும் சிரிப்பேன். ஆனால் கதவு பூட்டியிருக்கும் அந்த நேரத்தில், மாமனார் என்னிடம் ஏதாவது கேட்டு நான் செய்யாமல் விட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்கின்றன.