பூப்பட அண்ணனும் உப்பில்லாத சாம்பாரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தயங்கினேன். சம்பந்தியம்மாவே, "எழுதுங்க, நானும் படிச்சுச் சிரிக்கிறேன்" என்ற பிறகுதான் அம்மனைக் கும்பிட்டுப் பேனாவை எடுத்தேன்.

எங்கள் ராசிபுரத்தில் பூப்பட அண்ணனைப் போல மரியாதைக்காரரும் கிடையாது. அவரைப் போலத் திட்டு வாங்கியவரும் கிடையாது. லாரி ஓட்டி ஓய்ந்தவர். வழியில் படுத்திருக்கும் நாயிடம்கூட, "கொஞ்சம் நகருங்க சாமி" என்பார். நாய் நகராவிட்டால் இவர் சுற்றிப் போவார்.

கோயில் திருவிழாவுக்காக ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில், திடீர் திடீரென்று அவருடைய பூப்படங்கள் மழையாகக் கொட்டும். எல்லாவற்றிலும் 'இனிய காலை வணக்கம்' என்றிருக்கும். பொழுது சாய்ந்தாலும் அதேதான்.

"ஏனுங்ண்ணா, எம் போனு பூக்கடையாட்டம் ஆகிப் போச்சுங்க!" என்று பூசாரி கத்துவார். அண்ணன் பதிலுக்கு ஒரு கும்பிடும், கூடவே ஒரு செம்பருத்தியும் அனுப்புவார்.

என் மகளுக்கு அமைந்த வரனும் அதே குழுவில் இருந்த குடும்பம்தான். மகளுக்குப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை பூ வைத்துச் சம்பந்தத்தை உறுதி செய்வதாகப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டில் விருந்து சாப்பிட்டு வந்த கையோடு, என் மனைவி தங்கைக்குக் குரல் பதிவு அனுப்பினாள்.

"பையன் தங்கம்டி. அந்தம்மா வச்ச சாம்பாரத்தான் வாயில வெக்க முடியல. நம்ம புள்ள போயித்தான் உப்பு புளி சொல்லிக் குடுக்கோணும்."

போனது தங்கைக்கு அல்ல, கோயில் குழுவுக்கு. பதறி அழிக்கப் போனவள், அவசரத்தில் தன் போனில் மட்டும் அழித்துவிட்டாள். ஊரார் போனிலெல்லாம் அது அப்படியே இருந்தது.

"புள்ள வாழ்க்கையில நானே மண்ணள்ளிப் போட்டுட்டனுங்க" என்று சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மகள் வெள்ளிக்கிழமைக்கு எடுத்து வைத்திருந்த புடவையை மடித்து மறுபடியும் பெட்டிக்குள் வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது என் போன் துள்ளியது. ரோஜா. தாமரை. சூரியகாந்தி. மறுபடியும் ரோஜா. சாம்பார்ப் பதிவு எங்கோ மேலே போய் மறைந்தது. குழுவே கொதித்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் சேர்ந்துகொண்டார்: "ஏனுங்க, சாயங்காலத்துல காலை வணக்கமா? எம் போனே நின்னு போச்சுங்க!"

அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணா, எங்கூட்டுக்காரி பேசினதக் கேட்டீங்களா?"

"என்னதுங்க? காத்தால இருந்து நெட்டே வரலீங்களே!"

அவர் கையிலிருந்த போன், வந்து விழுந்த திட்டுகளில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

அன்று இரவே பூசாரி அவரைக் குழுவை விட்டே நீக்கினார். நான் பழைய பூமழைகளைத் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் மேலே, யாரோ இடம் தவறி அனுப்பிய கடன் சீட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ, குரல் பதிவோ இருந்தது. எதையும் திறக்கவில்லை, அம்மன் சத்தியம். மறுநாளே பூசாரியைக் கெஞ்சி அண்ணனைத் திரும்பச் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை பூ வைத்தார்கள். கல்யாணப் பந்தியில் அண்ணன் சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். யாரையும் பார்க்காமல் இலையைப் பார்த்துச் சொன்னார்: "உப்பு புளியெல்லாம் சரியா இருக்குதுங்க."

பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி வாளியோடு ஓடிவிட்டாள்.

பேரனுக்குக் காது குத்திய அன்று அவளே சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அன்னைக்கு இருந்த படபடப்புல நான் உப்பே போடலீங்க" என்று அவர் சிரித்தார்.

இப்போதெல்லாம் நாலு நாள் பூ வராவிட்டால், அண்ணனுக்கு உடம்புக்கு என்னவோ என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறேன்.

இதை யாருக்கு அனுப்பினாலும் ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்புங்கள். எந்த நேரத்தில் அனுப்பினாலும், இந்தக் கடைசி வரி இருக்கட்டும்.

இனிய காலை வணக்கம்.