காபி கணக்கில் சேராது

அன்பு மைத்துனி ரைலிக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் ஓஸ்மோ எழுதிக்கொள்வது. ஸ்வீடனில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே ஏரியில் பனிக்கட்டி அப்படியே இருக்கிறது. நான்தான் எட்டு கிலோ இளைத்துவிட்டேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துக் குடித்திருக்கிறேன் என்று நினைக்காதே, கை நடுங்குகிறது. போனில் என் குரலைக் கேட்டுவிட்டு உடனே டிக்கெட் எடுப்பதாகச் சொன்னாயே, எடுக்காதே. எல்லாம் தைராய்டு மாத்திரை செய்த வேலை.

உன் அக்கா சிர்க்காவை ஜனவரியில் அடக்கம் செய்தபின் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது, மார்ச் குளிரில் எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது, சர்ச்சில் பாட்டுக்கு எழுந்தால் பேன்ட் எழவில்லை, சௌனா நீராவி அறையில் சூடான கல்மேல முதல் கரண்டித் தண்ணி ஊத்தினதுமே வெளியே ஓடினேன், பக்கத்து வீட்டுத் தொய்வோ "என்னய்யா, ஸ்வீடன்காரனாட்டம் பாதியில ஓடுற?"ன்னு கத்துறான், நீ தப்பா எடுத்துக்காதே, மத்தவங்க எல்லாம் "துக்கம், ஓஸ்மோ, துக்கம்"னு சொல்லிட்டுப் போனாங்க, நானும் நம்பினேன். நாற்பத்தோரு வருஷம் கூட இருந்தவளுக்காக நெஞ்சு இவ்வளவுகூட அடிக்கலேன்னா நான் என்ன மனுஷன்?

கடைசியில் சுகாதார நிலையத்து நர்ஸ் மின்ட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, மருந்து எக்கச்சக்கமா ஏறியிருக்கு, தினமும் என்னென்ன தொந்தரவுன்னு நோட்டுல எழுதிட்டு வாங்கன்னா. எழுதினேன். அவள் வாசிச்சா: "செவ்வாய், துடிப்பு நூத்தி எட்டு. கை நடுக்கம். சிர்க்காவோட கோட்டு இன்னும் ஆணியிலயே தொங்குது." அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "ஓஸ்மோ, கோட்டு பக்க விளைவு இல்லீங்களே?"ன்னா.

"எனக்கு அதுதான் பெருசு"ன்னேன்.

நோட்டை மூடி வெச்சுட்டு, "மாத்திரைய எதோட போடுறீங்க?"ன்னா.

"இப்ப தண்ணியோட. முன்னே காபியோட. சிர்க்கா படுக்கைக்கே கொண்டு வருவா, சாஸர்ல மாத்திரை இருக்கும்."

"வெறும் வயித்துலன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்களே!"

"வெறும் வயிறுதான். காபியெல்லாம் ஒரு கணக்கா?"

மின்ட்டு தலையில கை வெச்சுக்கிட்டா. அந்தக் காபி மாத்திரைய உடம்புல சேரவிடாம பண்ணியிருக்கு, அது தெரியாம டாக்டர் வருஷா வருஷம் அளவை ஏத்திக்கிட்டே போயிருக்கார், நான் காபிய விட்டதும் மொத்தமும் உடம்புல ஏறிடுச்சாம். "காபிய ஏன் விட்டீங்க?"ன்னு கேட்டா. நான் ஜன்னலைப் பார்த்தேன். டாக்டர்கிட்ட கேட்டு அளவைக் குறைச்சிருக்கா; ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுக்கணும். ஆக, துக்கம்னு நான் நினைச்சதெல்லாம் மாத்திரை, ரைலி. சிர்க்காவை நினைச்சா வெட்கமா இருக்கு, ஆனா நிம்மதியாவும் இருக்கு. ஆறு வாரத்துல சரியாயிடுவேன், நீ வீணா அலையாதே.

கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும், மான் மேயாமல் உன் துலிப் செடிகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
ஓஸ்மோ

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து கடிதம் ஆறு வாரம் மேஜையிலேயே கிடந்துவிட்டது. இன்று ரத்த முடிவு வந்தது, எல்லாம் கச்சிதமாம். துடிப்பு எழுபது. கை நடுங்கலை. ஆனா காலையில கண்ணைத் திறந்ததும் அழுகை வருது, துளிகூடக் குறையலை. அளவை இன்னும் கொஞ்சம் குறைக்கலாமான்னு மின்ட்டுகிட்ட கேட்டேன். "இனிமே குறைக்க ஒண்ணுமில்லீங்க, ஓஸ்மோ. இது மாத்திரையால வர்றது இல்ல"ன்னுட்டா. டிக்கெட் எடும்மா, ரைலி.