ஐந்தாவது ஏன்

அன்புள்ள மைத்துனனுக்கு அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் பிள்ளைகளும் நலம். அங்கே நீயும் எனக்குத் தங்கை முறையான உன் மனைவியும் மகள் சின்னவளும் நலமா என்று அடுத்த வரியில் கேட்பதுதான் முறை. வலது கையில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுப் பதினாறு நாளாகக் கட்டோடு படுத்திருப்பவனிடம் அதை எந்த முகத்தோடு கேட்பது? கேட்டதாக வைத்துக்கொள். நீ புது வீட்டுக்கு வந்தபோது நான் கொடுத்த சுவர்க் கடிகாரம் சரியாக ஓடுகிறதா?

பத்து நிமிட நடைதூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். நீ என் ஃபோனை எடுப்பதில்லை. எடுக்காததும் ஒருவகையில் நல்லதுதான், விசாரணைக் கமிட்டித் தலைவர் அடிபட்டவரோடு தனியாகப் பேசக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்தத் தலைவர் நான்தான். இரண்டு தடவை உன் வீட்டுக் கேட் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பினேன். விதிக்குப் பயந்துதான் என்று வைத்துக்கொள்ளேன். ஆகவே இதை உன் அக்கா கொண்டுவரும் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்து அனுப்புகிறேன். உறையை நம் தொழிற்சாலைப் பசையால் ஒட்டப்போகிறேன், அவளால் பிரிக்க முடியாது. அவளைத்தான் உனக்குத் தெரியுமே, வீட்டில் ஒரு ஸ்பூன் குறைந்தாலும் விடமாட்டாள். மூன்று வருடத்துக்கு முன் மொட்டைமாடிக் கொடியிலிருந்து ஏதோ காணாமல் போனதற்காக இன்றுவரை மாடி வீட்டு அம்மாவோடு பேச்சில்லை.

நான் எப்படித் தலைவரானேன் என்று கேள். பத்தொன்பது வருடம் ஃபோர்மேனாக இருப்பதால் இல்லை. என் கையெழுத்து புரியும்படி இருக்கும், அவ்வளவுதான் தகுதி. மற்ற இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் பாதுகாப்பு அதிகாரி, சாப்பிடும்போதும் தலையிலிருந்து கழற்றாத நம் மஞ்சள் தொப்பி. இன்னொருவர் ஸ்டோர் கீப்பர், எதைக் கேட்டாலும் 'ஸ்டாக் இல்லை' என்று சொல்லிப் பழகியவர். "அடிபட்டது என் மைத்துனன் சார், நான் இதுல இருக்கக்கூடாது" என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்போ இன்னும் நல்லதாப் போச்சு, வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிடலாம்" என்றார். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

நம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் விபத்துகளிலிருந்து பாடம் கற்பதில் ஒரு குறையும் இல்லை, மச்சான். கை கழுவும் இடத்தில் குழாய் ஒழுகிப் பசை கலக்குபவர் வழுக்கி விழுந்தாரே, அதை விசாரித்தோம். காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். கற்ற பாடம் என்ற கட்டத்தின்படி 'பார்த்து நடக்கவும்' என்று ஒரு இரும்புப் பலகை எழுதி அங்கே மாட்டினார்கள். மாட்டிய ஒன்பதாம் நாள் பலகை கழன்று பேக்கிங் அம்மாவின் தோளில் விழுந்தது. அதையும் விசாரித்தோம். பலகைக்குக் கீழே நின்றது அவருடைய கவனக்குறைவு. பலகையை எடுத்து யார் தோளுக்கும் எட்டாத உயரத்தில், சரக்கு ஏற்றும் வழியில் மாட்டினார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் அது என்ன எழுதியிருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய் அலமாரியில் மோதினார். பலகையைப் படித்தது கவனக்குறைவு. மூன்று அறிக்கையும் என் கையெழுத்தில் கோப்பில் இருக்கிறது, அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த முறை அப்படி இல்லை, புது முறை. மஞ்சள் தொப்பி இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் ஒரு சான்றிதழும் ஒரு படிவமும் கொண்டுவந்திருக்கிறார். 'ஏன்' என்ற கேள்வியை ஐந்து தடவை கேட்டால் விபத்தின் வேர் வரைக்கும் போய்விடலாமாம். நம் சின்னவள் இதை மூன்று வயதில் செய்தாள், அவளுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. படிவத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து கட்டம். அதற்குக் கீழே வழக்கம்போலக் கற்ற பாடம். மூன்று பேரும் மூணாம் நம்பர் மெஷினுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். உன் ரத்தத்தை அதற்குள் கழுவிவிட்டிருந்தார்கள்.

முதல் ஏன், விரல் ஏன் போனது. உருளைக்குள் கை போனதால். இரண்டாவது, கை ஏன் உள்ளே போனது. அட்டை சிக்கிக்கொண்டதை எடுக்கப் போனதால். மூன்றாவது, மெஷின் ஓடும்போது ஏன் எடுக்கப் போனார். ஓடும் என்று அவருக்குத் தெரியாது. பாதுகாப்புக் கதவைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும், நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் நீ சொன்னதும் இதுதான். "கதவைத் தொறந்தா நின்னுடும்னு நெனச்சேன் அத்தான்." மறுபடி மறுபடி இதையே சொல்லிக்கொண்டிருந்தாய். நான்காவது ஏன், கதவைத் திறந்தும் மெஷின் ஏன் நிற்கவில்லை. இதற்கு மஞ்சள் தொப்பி டார்ச் அடித்துக்கொண்டு குனிந்தார். கதவு மூடினால் அழுந்துகிற சின்ன சுவிட்ச் ஒன்று உண்டல்லவா, அது எப்போதும் அழுந்தியே இருக்கும்படி அதன்மேல் ஒரு துணி கிளிப் மாட்டியிருந்தது. கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொள்ளும். சாம்பல் நிறக் கிளிப். நான்காவது கட்டத்தில் 'கிளிப்' என்று எழுதினேன். ஐந்தாவது ஏன், கிளிப் அங்கே ஏன் இருந்தது. மஞ்சள் தொப்பி வாயைத் திறந்தார், டீ வந்துவிட்டது.

டீ குடித்துவிட்டு, 'ஏன்' என்பதை 'யார்' என்று மாற்றிக்கொண்டோம். அது நமக்குப் பழகிய கேள்வி. கிளிப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்டோர் கீப்பர் முத்திரை வைத்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டோம், அவர் துண்டு காயப்போடுகிறவர். "எனக்கு எதுக்கு சார் கிளிப்பு, துண்டு பறந்தா ஓடிப்போய்ப் புடிப்பேன், வேற என்ன வேலை எனக்கு" என்றார். கேன்டீன்காரரைக் கூப்பிட்டோம், அவர் கோபித்துக்கொண்டு அன்றைக்கு டீயில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார். கடைசியில் கூட்டித் துடைக்கும் அம்மாவைக் கூப்பிட்டோம். "எங்ககிட்ட கிளிப்பு இருந்தா மாப்புத் துணிய ஏன் சார் கதவு மேல போடறோம்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "அது மூணு வருசமா அங்கதான் இருக்கு. தெனமும் தூசி தட்டறேன். பெரியவங்க வேணும்னுதான் வெச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்." இதைச் சொல்லும்போது அவர் மஞ்சள் தொப்பியைப் பார்க்கவில்லை, ஸ்டோர் கீப்பரையும் பார்க்கவில்லை. "போதும்மா, நீங்க போகலாம்" என்று நான் அவசரமாக அனுப்பிவைத்தேன்.

மூன்று வருடம் என்றதும் மஞ்சள் தொப்பிக்கு வியர்த்துவிட்டது. மாதாமாதம் அந்த மெஷினைச் சோதித்து, 'பாதுகாப்பு சுவிட்ச்: உள்ளது' என்று டிக் போட்டது அவர். முப்பத்தாறு டிக். சுவிட்ச் உள்ளது என்பது பொய் இல்லையே. அதைவிடக் கூத்து, போன வருடம் மெஷினுக்குப் புதுப் பெயின்ட் அடித்தபோது கிளிப்புக்கும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். அதனால்தான் மெஷின் நிறத்திலேயே இருந்தது. ஸ்டோர் கீப்பர் முத்திரை வைத்த பையைத் தூக்கிப் பார்த்து, "பெயின்ட் அடிச்சாச்சுன்னா அது மெஷினோட பார்ட்டு தான், என் கணக்குல வராது" என்று தீர்ப்புச் சொன்னார்.

மேனேஜர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். நான்காவது கட்டத்தின்மேல் விரலை வைத்து, இவருக்குப் பத்து விரலும் இருக்கிறது, "இது எழுதினா வெளியில இருந்து இன்ஸ்பெக்டர் வருவான், மெஷினை சீல் வெப்பான். இது யாருக்கும் தெரிஞ்ச விஷயம் இல்லையே, யாரோ எப்பவோ வெச்சது. மூணாவது ஏன்லயே உங்க பதில் இருக்கு. அங்கேயே நிறுத்தியிருக்கணும்" என்றார். புதுப் படிவம் கொடுத்தார். நானும் எழுதினேன். மூன்றாவது கட்டத்தில், 'கதவைத் திறந்தால் மெஷின் நிற்கும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.' நான்காவதில் 'கவனக்குறைவு.' ஐந்தாவதில், கவனக்குறைவு ஏன் ஏற்பட்டது, 'கவனம் குறைந்ததால்.' அந்த 'அவராகவே' என்ற சொல் நான் போட்டதுதான், மச்சான், மேனேஜர் சொல்லவில்லை. எழுதி முடித்ததும், "நல்லா வந்திருக்கு" என்று அவரே பாராட்டினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். 'இந்த விபத்து எனது கவனக்குறைவால் நேர்ந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்' என்று அச்சடித்திருக்கிறது. வியாழக்கிழமைக்குள் நீ அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் உன்னைத் தொழிற்சாலை கேட்டில் பாஸ் எழுதும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். வலது கையில் மூன்று விரலோடு பாஸ் எழுதுவது எப்படி என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அதையும் விசாரிக்கச் சொல்வார்கள். கையெழுத்து வராவிட்டால் இடது கைப் பெருவிரல் ரேகை போதும் என்றார் மேனேஜர். ஸ்டோர் கீப்பர் அதற்கு ஒரு இங்க் பேடும் கொடுத்திருக்கிறார். உபயோகித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவும் என்று சீட்டு ஒட்டியிருக்கிறார். கையெழுத்துப் போட்ட பிறகு இந்தக் கோப்பை யாரும் மறுபடி திறக்க முடியாது. போடாவிட்டால் உனக்கு வேலை இல்லை. எனக்கும் இருக்குமோ என்னவோ. உன் அக்காவையும் பிள்ளைகளையும் நினைத்துப் பார். கிளிப்பை யார் வைத்தார்கள் என்பது இனி கடவுளுக்குத்தான் வெளிச்சம். தெரிந்து மட்டும் என்ன, விரல் முளைக்கப் போகிறதா? புத்திசாலியாக இரு, போட்டுவிடு.

சின்னவள் நேற்று இங்கே வந்திருந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. உன் அக்கா பின்னிவிடக் கூப்பிட்டாள். "வேணாம் அத்தை, அப்பாதான் எனக்குச் சடை போடுவாங்க. இப்போ கோணலா வருது, பழகிட்டா சரியாயிடும்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே விளையாடப் போய்விட்டாள். மூணாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, மூட்டை தூக்க வேண்டாம் என்று பேக்கிங்கிலிருந்து உன்னை அங்கே மாற்றியதும் நான்தான். நீ அதில் உட்கார்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்தாலும் அது நிற்காது என்று தெரியும். உனக்கு யாரும் சொல்லவில்லை.

தங்கைக்கு என் விசாரிப்பு. சின்னவளுக்கு முத்தங்கள். புண் சீக்கிரம் ஆறி, நீ முன்னைப்போல எழுந்து நடமாடி, நீண்ட ஆயுளோடும் குறையாத சுகத்தோடும் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்
(தலைவர், விபத்து விசாரணைக் கமிட்டி)

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவப் போனேன், தடவாமல் மறுபடி பேனாவை எடுத்துவிட்டேன். மேலே 'போட்டுவிடு' என்று எழுதியதை மட்டும் அடித்துவிடு. கையெழுத்துப் போடாதே, ரேகையும் வைக்காதே. அந்தக் கிளிப்பைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பச்சையாக இருக்கும். உன் அக்கா பச்சைக் கிளிப் ஒரு டஜன் வாங்கினாள், கொடியில் பதினொன்றுதான் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அட்டை சிக்கும்போதெல்லாம் கதவைத் திறந்து, மெஷின் நின்று, மறுபடி சூடேறக் கால்மணி ஆகும். "எப்படியாவது ஓட வைங்க" என்றார் மேனேஜர். காலையில் கொடியிலிருந்து ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன், ஒரு வாரத்துக்கு என்றுதான் மாட்டினேன். அந்த வருடம் 'நேரத்தை மிச்சப்படுத்திய ஊழியர்' என்று எனக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அதுதான் உன் வீட்டுச் சுவரில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். கழற்றி எறி. நாளைக்கு நானே போய் ஐந்தாவது கட்டத்தில் என்னை எழுதிவிடுவேன் என்று சொல்ல ஆசைதான். என்னை எனக்குத் தெரியும், மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தால் மாறிவிடுவேன். அதனால் இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திரு, இன்ஸ்பெக்டரிடம் நீயே கொடு. என் கையெழுத்து புரியும்படி இருக்கும். இன்னொன்று, கிளிப் கிடைத்துவிட்டது, மாடி வீட்டு அம்மா எடுக்கவில்லை என்று உன் அக்காவிடம் நீ சொல்லிவிடு. நான் சொன்னால் எங்கே கிடைத்தது என்பாள், அப்புறம் ஏன் என்பாள். அவள் ஐந்தோடு நிறுத்தமாட்டாள், டீ வந்தாலும் நிறுத்தமாட்டாள்.