பாங் முதலாளி கட்டிவிட்ட ஆரோக்கியப் பட்டை

பாங் தொக்ஸு என்ற காலுறைக் கம்பெனி முதலாளி, தம்மிடம் வேலை பார்த்த மல்சுன் என்ற பெண்மணிக்கு நூற்று எழுபத்தாறு மணி நேரக் கூலி பாக்கி வைத்திருந்தார். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவரோடு கால் மணி நேரம் பேசினால் உங்களுக்கு இது மறந்துபோகும். அவ்வளவு நல்ல மனிதர்.

மனிதர் என்றா சொன்னேன்? இனம் என்று சொல்ல வேண்டும். ஊழியர் நலம் பேணும் முதலாளி என்பது அந்த இனத்தின் பெயர். இதைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷப் படிப்பே இருக்கிறதாம். இருக்கட்டும். தேகு நகரத்துத் தொழிற்பேட்டையில் நாற்பது வருஷம் குப்பை கொட்டிய எவருக்கும் அந்தப் படிப்பு தேவைப்படாது. தூரத்தில் வரும்போதே கண்டுபிடித்துவிடலாம். சம்பளத் தேதி நெருங்க நெருங்க யார் உங்கள் முதுகுத்தண்டைப் பற்றி அதிகமாகக் கவலைப்படுகிறாரோ, அவர்தான்.

பாங் முதலாளியின் கம்பெனி வாசலில் ஒரு பதாகை தொங்கும். 'நாம் ஊழியர்கள் அல்ல, குடும்பம்' என்று அதில் எழுதியிருக்கும். முதல் பாதியை அவர் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார் என்பதற்குச் சம்பளச் சீட்டே சாட்சி. காலை எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் மெட்டு போட்டு எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி, கையைத் தூக்கு, இடுப்பை வளை என்று உடற்பயிற்சி நடக்கும். அது முடிந்ததும் பாதாம், முந்திரி, உலர்ந்த பழம் கலந்த சின்னப் பொட்டலம் ஆளுக்கு ஒன்று. அதற்கப்புறம் ஒரு நிமிஷம் மௌனமாக மூச்சு விடுதல். அதற்கப்புறம் முதலாளி ஐந்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசுதல். இத்தனையும் வேலை நேரத்துக்கு முன்னால். உடம்பு உங்களுடையதுதானே?

மல்சுன் ஐம்பத்தேழு வயதுக்காரி. காலுறையின் விரல் முனையைத் தைத்து மூடுகிற பகுதியில் பதினோரு வருஷமாக இருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் கீழே இரண்டு கடைவாய்ப் பற்கள் கிடையாது. புதுப்பல் பொருத்த இருபத்துநாலு லட்சம் வொன் ஆகும் என்று பல் வைத்தியர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷமும் அவள் இடப்பக்கமாகவே மென்றாள், இடப்பக்கமாகவே சிரித்தாள். தினமும் கிடைக்கிற பருப்புப் பொட்டலத்தை அப்படியே பக்கத்துப் பகுதியில் இருந்த வியட்நாம்காரன் லுவானிடம் கொடுத்துவிடுவாள்.

"சித்தி, உங்க ஆரோக்கியத்தையும் சேர்த்து நானே தின்னுட்டிருக்கேன். எனக்கு நூறு வயசு நிச்சயம்" என்பான் லுவான்.

"நூறு வயசு வரைக்கும் இங்கேயேவா இருக்கப் போற? பாவம்டா நீ."

லுவானைப் பற்றிச் சொன்னால் பல பண்பாட்டு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த முதலாளி இனத்துக்கு வருஷத்தில் ஒரு நாள் இப்படி ஒரு திருவிழா உண்டு. பாங் முதலாளி மேடையேறி, "நம்ம கம்பெனி ஒரு பிபிம்பாப் கிண்ணம் மாதிரி! பல ஊரு, பல நிறம், எல்லாம் ஒண்ணாக் கலந்தாதான் ருசி!" என்று முழங்குவார்.

"அதுல நான் யாரு முதலாளி? முட்டையா?" என்று லுவான் கேட்டான்.

"நீ முளைப்பயறு தம்பி. ரொம்ப முக்கியம்."

முக்கியம்தான். சோறும் காயும் ஒரே கிண்ணத்தில் கலந்தன, சம்பளத்தில் மட்டும் முளைப்பயறுக்குத் தனிக் கிண்ணம், கொஞ்சம் சின்னது. அன்றைக்கு அவனுடைய நாட்டு உடையில் அவனைப் போட்டோ எடுக்க வேண்டும் என்று துணி வாடகைக் கடையில் கேட்டார்கள். வியட்நாம் உடை கைவசம் இல்லை. மங்கோலியா உடை இருந்தது, உள்ளே ஆட்டு ரோமம் வைத்துத் தைத்தது. ஜூலை மாதத்துத் தேகு வெயிலில் லுவான் ஒரு மணி நேரம் அதற்குள் நின்று வெந்தான். 'நம் வியட்நாம் தம்பி, தம் பாரம்பரிய உடையில்' என்ற குறிப்போடு அந்தப் படம் இன்றும் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

குறை சொல்ல வழியில்லை என்று யாரும் சொல்லக்கூடாது அல்லவா? அதற்கும் ஒரு பெட்டி வைத்திருந்தார். மனம் திறந்த பெட்டி என்று பெயர். பெயர் போடாமல் எழுதிப் போடலாம். வெள்ளிக்கிழமை காலையில் உடற்பயிற்சி முடிந்ததும் சீட்டுகளை அவரே சத்தமாகப் படிப்பார். "யார் எழுதினதுன்னு நான் கேக்கவே மாட்டேன். ஆனா இந்தச் சுழி இருக்கு பாருங்க, பேக்கிங் பக்கத்துக் கை மாதிரி தெரியுது. வருத்தமில்லை. அன்பாத்தான் சொல்றேன்." மறுவாரம் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு இருந்தது. 'முதலாளி நீடூழி வாழ்க.' அதை அவர் இரண்டு தடவை படித்தார்.

இனி அந்தப் பாக்கிக்கு வருவோம். மாலை ஆறு மணி என்பது அவருக்குப் புனிதமான நேரம். "ஆறு மணிக்கு மேல உங்க நேரம் உங்க குடும்பத்துக்கு!" என்று சொல்லி மணியடிப்பார். மேலாளர் சொக் உடனே எல்லோருடைய வருகை அட்டையையும் ஒரே அடுக்காக எடுத்து, சீட்டுக்கட்டு கலைப்பவர் மாதிரி வரிசையாக இயந்திரத்தில் செருகி எடுப்பார். அட்டைகள் வீட்டுக்குப் போய்விடும். ஆட்கள் இருப்பார்கள். பின்னல் இயந்திரங்களுக்குள் அடைந்திருக்கும் பஞ்சைச் சுரண்ட வேண்டும், எண்ணெய் விட வேண்டும், தரையைப் பெருக்க வேண்டும், மறுநாள் நூல்கண்டுகளைச் சுமந்து வைக்க வேண்டும். ஒரு மணி இருபது நிமிஷம். கம்பெனியில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் தினமும்.

மல்சுன் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். வேறு எவரும் கேட்டதில்லை.

"முதலாளி, ஆறு மணிக்கு மேல பாக்கற வேலைக்கு ஏதாவது..."

"மல்சுன் அம்மா!" என்று அவர் மார்பில் கை வைத்துக்கொண்டார். "வீட்டுல பாத்திரம் கழுவினா கூலி கேப்பீங்களா? இதுவும் வீடுதானே? உங்க முகம் வாடியிருக்கே. தூக்கம் சரியில்லையா? நாளைக்கு ஜின்செங் டீ அனுப்பறேன்."

அனுப்பினார். அதுதான் இந்த இனத்தின் பலம். சொன்னதைச் செய்வார், கேட்டதைச் செய்ய மாட்டார்.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் அவருக்கு ஒரு சான்றிதழின் மேல் ஆசை வந்தது. நல்ல பணியிடம் என்று முத்திரை குத்திக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருவார்கள். அது இருந்தால் வங்கியில் வட்டி குறையும், பத்திரிகையில் படம் வரும். அதற்காக அவர் சொந்தமாக யோசித்து, யாரும் கேட்காமல், யாரும் தடுக்காமல் ஒரு காரியம் செய்தார். பன்னிரண்டு பேர் மணிக்கட்டிலும் ஆளுக்கொரு பட்டையைக் கட்டிவிட்டார். நடக்கிற ஒவ்வோர் எட்டையும் அது எண்ணும். எத்தனை மணிக்கு எத்தனை எட்டு என்று கம்பெனிக் கணினிக்குத் தானே அனுப்பும்.

"தினம் பத்தாயிரம் எட்டு! ஆறு மாசம்! முதல் பரிசு, கால் பிடிச்சுவிடுற மெஷின்! இதைக் கழட்டவே கூடாது, குளிக்கும்போதுகூட. சொக், யார் கழட்டினாலும் எங்கிட்ட சொல்லணும்."

யாரும் கழற்றவில்லை. கீழ்ப்படிதல் என்றால் அந்தப் பன்னிரண்டு பேரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

செப்டம்பரில் பரிசளிப்பு விழா. சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைத் தள்ளிப் பெரிய திரை கட்டினார்கள். சான்றிதழுக்கு மதிப்பிட ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள், அதிகம் பேசவில்லை. அவளுக்கு மூன்று பருப்புப் பொட்டலங்கள் கொடுக்கப்பட்டன. பாங் முதலாளி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"முதல் பரிசு நம்ம மல்சுன் அம்மாவுக்கு! ஐம்பத்தேழு வயசு! தினம் பத்தொன்பதாயிரம் எட்டு! இந்தக் கம்பெனியில ஆரோக்கியம் எப்படிப் பொங்குதுன்னு நீங்களே பாருங்கம்மா!"

திரையில் வரைபடம் வந்தது. காலையில் ஒரு மேடு, மதியம் ஒரு பள்ளம், பிற்பகலில் ஒரு மேடு. ஆறு மணிக்கு மேல் ஒரு மலை. பல்கொங்சான் மலையே எழுந்து வந்து திரையில் உட்கார்ந்த மாதிரி.

மதிப்பிட வந்த பெண் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள்.

"ஆறு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுறாங்கன்னு விண்ணப்பத்துல இருக்கே. வருகை அட்டையும் அப்படித்தான் சொல்லுது. அப்போ இது என்னங்க?"

"இதுவா? இவங்களுக்கு ஆரோக்கியத்து மேல வெறிங்க. வேலை முடிஞ்சதும் வளாகத்தைச் சுத்திச் சுத்தி நடக்கறாங்க. நான் எவ்வளவு சொல்லியும் கேக்கறதில்ல!"

"பன்னிரண்டு பேருமா?"

"பன்னிரண்டு பேரும்!"

"ஒரே நேரத்துல ஆரம்பிச்சு, ஏழு இருபதுக்கு ஒரே நேரத்துல நிறுத்துறாங்களா? தினமுமா?"

"ஒற்றுமைங்க!" என்றார் பாங் முதலாளி. ஆனால் அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. அவர் மல்சுன் பக்கம் திரும்பி, உலகத்திலுள்ள அன்பையெல்லாம் கண்ணில் கொண்டுவந்தார். "மல்சுன் அம்மா, நீங்களே சொல்லுங்க. நடைப்பயிற்சிதானே?"

மல்சுனின் மடியில் கால் பிடித்துவிடும் மெஷின் இருந்தது. தலையை ஆட்டினால் அது வீட்டுக்கு வரும், வேலையும் இருக்கும். பதினோரு வருஷமாக ஆட்டிய தலைதான், இன்னொரு தடவை ஆட்டுவதில் கழுத்துக்கு ஒன்றும் சிரமமில்லை. அவள் நாக்கு வலப்பக்கம் போய், பல் இல்லாத அந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்த்தது.

"நடைதான் முதலாளி" என்றாள். அவர் முகம் மலர்ந்தது. "கையில துடைப்பத்தோட."

யாரும் மூச்சுவிடவில்லை. மௌன மூச்சுப் பயிற்சி அந்தக் கம்பெனியில் முதன்முறையாக ஒழுங்காக நடந்தது அப்போதுதான்.

பின்வரிசையிலிருந்து லுவான் எழுந்தான். "சித்தி துடைப்பம். நான் நூல்கண்டு. அதான் என் மலை கொஞ்சம் குட்டை. சுமை தூக்கினா எட்டு குறையும்ல?"

அவ்வளவுதான், பன்னிரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மனம் திறந்த பெட்டி ஆறு வருஷத்தில் பார்க்காத அளவு மனம் அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் திறந்தது. மதிப்பிட வந்த பெண் தாளில் எழுதினாள். நூற்று முப்பத்திரண்டு வேலை நாள், நாளுக்கு எண்பது நிமிஷம், ஆளுக்கு நூற்று எழுபத்தாறு மணி. மணிக்குப் பதினைந்தாயிரம் வொன் வீதம் இருபத்தாறு லட்சத்து நாற்பதாயிரம்.

"இதுக்கு முந்தின வருஷங்களுக்குப் பட்டை இல்லை, அதை அப்புறம் பார்க்கலாம். இதுக்கு இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள தீர்த்துடுங்க, லுவானோட மணிக்கூலியையும் மத்தவங்களுக்குச் சமமாக்கித்தான். இல்லன்னா இந்த வரைபடத்தைத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டி வரும்."

"பட்டை நான் காசு கொடுத்து வாங்கினதுங்க" என்றார் பாங் முதலாளி, மெதுவாக.

"நல்ல பட்டைங்க. துல்லியமா எண்ணியிருக்கு."

வெள்ளிக்கிழமை வந்தது. அதே சாப்பாட்டுக் கூடம், மங்கோலிய வியட்நாம் தம்பியின் படத்துக்குக் கீழே ஒரு மேசை. பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள், முதல் ஆள் மல்சுன்.

"வங்கியில போட்டுடறேனே மல்சுன் அம்மா. அதுதான் பாதுகாப்பு. உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

"என் நன்மையை நீங்க நிறையப் பார்த்துட்டீங்க முதலாளி. இன்னைக்கு நானே பார்த்துக்கறேன். கையில வைங்க."

"இவ்வளவையும் வெச்சு என்னதான் பண்ணப் போறீங்க?"

"ரெண்டு பல்லு. மீதியில எல்லாருக்கும் மக்சாங் குடல்கறி வாங்கித் தரப் போறேன். நல்லாச் சுட்டது, கடிக்கக் கடிக்க இழுக்கறது. கம்பெனி விருந்துல ரெண்டு வருஷமா நீங்க எல்லாம் மெல்லுறதைப் பார்த்துக்கிட்டு நான் சூப்பு குடிச்சேன்ல?"

பாங் முதலாளி ஐம்பதாயிரம் வொன் தாள்களின் கட்டைப் பிரித்தார். இனத்தின் குணம் எங்கே போகும்? "எல்லாரும் மூச்சை ஆழமா இழுத்து விடுங்க. பணம் எண்ணும்போது படபடப்பு வரக்கூடாது" என்றார். சொல்லிவிட்டு முதல் தாளையே இரண்டு தடவை எண்ணினார்.

என்ன, சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் துணி துவைக்க வருகிற அம்மாளிடம் 'நீங்களும் எங்க வீட்டு ஆள்தானே' என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? அவர் சம்பளம் கூட்டிக் கேட்ட அன்றைக்கா? உங்களிடம் வேலை பார்ப்பவருக்குத் தேநீர் வாங்கித் தந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது மணி என்ன? அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரம் தாண்டி எவ்வளவு ஆகியிருந்தது? உங்கள் மணிக்கட்டைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அங்கே பட்டை இல்லை. அவர்கள் மணிக்கட்டில் இருக்கிறதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

மல்சுன் உள்ளங்கையை விரித்து நீட்டியிருந்தாள். ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு என்று ஐம்பதாயிரங்கள் முடிந்தன. பாங் முதலாளி நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்து பத்தாயிரம் வொன் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.