ஏழாம் கேள்விக் குதிரை

எங்கள் மாவட்ட நிர்வாகம் இந்த ஆண்டைத் 'தர்க்க சிந்தனை ஆண்டு' என்று அறிவித்தது. போன ஆண்டு 'புன்னகை ஆண்டு'. அப்போது அலுவலகங்களில் எல்லாரும் சிரித்த முகத்தோடு நாளைக்கு வரச் சொன்னார்கள். அதற்கு முந்தியது 'மரம் நடும் ஆண்டு'. நட்ட கன்றுகளை எங்கள் ஊர் ஆடுகள் முழு ஒத்துழைப்புடன் தின்று முடித்தன.

தர்க்க சிந்தனை என்றால் என்ன என்று யாரும் குழம்பத் தேவையிருக்கவில்லை. சுற்றறிக்கையே சொல்லிவிட்டது: 'குடிமக்கள் அனுமானங்களை அடையாளம் கண்டு, அவற்றிலிருந்து முறையான முடிவுக்கு வந்து சேர்தல்.' வந்து சேராதவர்களுக்கு மேய்ச்சல் சீட்டு கிடையாது. அவர்களிடமிருந்து மனுவும் வாங்கப்படமாட்டாது. பத்துக் கேள்வி கொண்ட ஒரு பரீட்சை, பாஸானால் ஒரு சான்றிதழ், அவ்வளவுதான்.

நான் கெரிம்பாய், தோருபெல் ஊரின் கணக்கு வாத்தியார். தலைநகரத்திலிருந்து வந்த மாதிரி வினாத்தாளில் விமானமும் சுரங்க ரயிலும் வரிக்குதிரையும் இருந்தன. 'உள்ளூர் மக்களுக்கு விளங்கும்வண்ணம் உள்ளூர்ப் பெயர்களும் உள்ளூர்ப் பிராணிகளும் இடம்பெற ஆவன செய்க' என்று அதை என் தலையில் கட்டினார்கள். சம்பளம் இல்லாத வேலையை வாத்தியார் தலையில் கட்டுவது எந்த ஆண்டிலும் மாறுவதில்லை.

ஒரே மாலையில் எழுதி முடித்தேன். ஏழாம் கேள்விக்கு வந்தபோது ஜன்னல் வழியாக எதிர்வீட்டுப் புருல்சா தன் சாம்பல் நிறப் பெட்டைக்குதிரையிடம் பால் கறந்துகொண்டிருந்தது தெரிந்தது. உடனே எழுதினேன்:

'தோருபெல்லில் உள்ள சாம்பல் நிறப் பெட்டைக்குதிரைகள் எல்லாம் சாரிம்சாக்குக்குச் சொந்தம். புருல்சாவின் கொட்டிலில் நிற்பது ஒரு சாம்பல் நிறப் பெட்டைக்குதிரை. அப்படியானால் அது யாருடையது?'

விடை: சாரிம்சாக்குடையது.

சாரிம்சாக் எங்கள் ஊர் டாக்சிக்காரன். சின்ன வயதில் குதிரையிடம் உதை வாங்கியவன். எதிரே குதிரை வந்தால் இன்றைக்கும் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். ஊரிலேயே குதிரைக்குச் சொந்தக்காரன் என்று யாரும் நம்ப முடியாத ஆள் அவன்தான். அதனால்தான் அவன் பெயரைப் போட்டேன். இதை யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். அதுவும் ஓர் அனுமானம்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பரீட்சை பள்ளிக்கூடத்தில் நடந்தது. மேற்பார்வைக்கு மாவட்டத் தர்க்கப் பிரிவின் தலைவர் உலார்பெக் அசனோவிச் நேரில் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தலைநகரத்தில் ஆறு வாரப் பயிற்சி முடித்தவர். அதை ஆறு வாக்கியத்துக்கு ஒருமுறை சொல்வார்.

மூன்றாம் கேள்வியிலேயே தகராறு. 'மழை பெய்தால் கணவாய்ச் சாலையை மூடுவார்கள். இன்று சாலை மூடியிருக்கிறது. மழை பெய்ததா?' சொல்ல முடியாது என்பதுதான் விடை. ஆட்டுக்காரர் தோலோமுஷ் எழுந்து நின்றார்.

"மழையெல்லாம் பெய்யலைங்க. அதிகாரி மகனுக்குக் கல்யாணம், அதான் மூடுனாங்க. நானே மூணு மணி நேரம் நின்னேன்."

"பைகே, கேள்வியில இருக்கறத மட்டும் வச்சு யோசிக்கணும். கேள்விக்கு வெளிய உலகமே இல்லைன்னு வச்சுக்கங்க" என்றார் உலார்பெக். எங்களில் வயதில் பெரிய ஆணைப் பைகே என்றும் பெண்ணை எஜே என்றும் கூப்பிடுவோம். மரியாதை குறையாமலே மட்டம் தட்ட வசதி.

"உலகமே இல்லைன்னா சாலை மட்டும் எங்கிருந்து வந்துச்சு தம்பி?"

அதற்குள் புருல்சா ஏழாம் கேள்விக்கு வந்துவிட்டாள்.

"கெரிம்பாய் பைகே, என்ன இது?"

"ஒரு உதாரணம்தாம்மா."

"உதாரணத்துக்கு ஊர்ல வேற குதிரையே இல்லையா? உங்க பொண்டாட்டிய வச்சு ஒரு உதாரணம் எழுதியிருக்கலாமே!"

கூடம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. புருல்சா 'என்னுடையது' என்று தாள் கிழியும்படி அழுத்தி எழுதிவிட்டுப் போனாள். தோருபெல்லில் பரீட்சை எழுதிய எல்லாருமே 'புருல்சாவுடையது' என்று எழுதியிருந்தார்கள். சாரிம்சாக்கும்தான். ஏழாம் கேள்வி கட்டாயக் கேள்வி. ஆகவே ஊர் மொத்தமும் ஃபெயில்.

இத்தோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்போம். கேள்விகளும் சரியான விடைகளும் அச்சான அதிகாரப்பூர்வ விடைத்தாள் மூன்று முத்திரையோடு எல்லாப் பிரிவுகளுக்கும் 'தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்' அனுப்பப்பட்டது. கால்நடைப் பதிவுப் பிரிவு தகவலை வாசித்து, தக்க நடவடிக்கை எடுத்தது. பத்தாம் நாள் சாரிம்சாக்குக்கு ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் சாம்பல் நிறப் பெட்டைக்குதிரையை ஏழு நாட்களுக்குள் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவும். தவறினால் பிராணியைக் கைவிட்ட குற்றத்துக்காக டாக்சி உரிமம் ரத்தாகும். அடுத்த விடைத்தாள் வெளியாகும்வரை மேற்படி பிராணியை விற்கவோ கொடுக்கவோ கூடாது.'

சாரிம்சாக் கடிதத்தோடு புருல்சா வீட்டுக்கு வந்தான். தைரியத்துக்கு என்னையும் இழுத்து வந்திருந்தான்.

"திட்டாத புருல்சா. எனக்கே ராத்திரித் தூக்கம் இல்லை. டாக்சி போச்சுன்னா நாலு பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? இது... கடிக்குமா?"

"கடிக்காது. உதைக்கும்."

"அத நீ சொல்லித்தான் தெரியணுமா."

புருல்சாவின் கணவன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷம். ஜூன் பிறந்தால் அவள் குதிரையோடு மலைமேய்ச்சலுக்கு ஏறி, குதிரைப் பாலைப் புளிக்கவைத்துக் குமிஸ் செய்து, சாலையில் போகிறவர்களுக்கு விற்பாள். குளிர்காலத்து மாவும் நிலக்கரியும் அந்தக் குமிஸில்தான் வரவேண்டும். அந்தக் குதிரை பிறந்தபோது தாய் செத்துவிட்டது. அதைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவளும் அவள்தான். கயிற்றை அவிழ்த்துச் சாரிம்சாக் கையில் கொடுத்துவிட்டு, பின்னாலேயே ஓடப் பார்த்த அதன் குட்டியைப் பிடித்துக் கட்டினாள். எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

குட்டியைப் பற்றி ஏழாம் கேள்வியில் ஒன்றும் இல்லை. ஆகவே குட்டி புருல்சாவுக்கே சொந்தமாக இருந்தது. தெருவின் ஒரு பக்கம் குட்டி கத்தும், மறுபக்கம் தாய் கத்தும். ஒரு நாளைக்கு எட்டு முறை புருல்சா குட்டியைப் பால் குடிக்கக் கூட்டிக்கொண்டு போவாள். சாரிம்சாக் டாக்சிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, "ஆச்சா? கட்டியாச்சா? எறங்கலாமா?" என்று கேட்பான். மலைக்குக் கிளம்ப மூன்று வாரம்தான் இருந்தது.

நானும் புருல்சாவும் மாவட்ட அலுவலகம் போனோம். சுவரில் பெரிய எழுத்தில் 'சிந்தித்து வருக' என்று எழுதியிருந்தது. கீழே சின்ன எழுத்தில் 'வெள்ளிக்கிழமை விடுமுறை'.

"முடிவு முறையானது எஜே. எந்த நாட்டு நிபுணர் வேணும்னாலும் வந்து பாக்கட்டும்" என்றார் உலார்பெக்.

"முறையோ என்னவோ, பொய்யி."

"எது பொய்? முடிவா, அனுமானமா?"

"சாம்பக்குதிரையெல்லாம் அவனோடதுங்கறதுதான் பொய்யி."

"அப்போ அனுமானத்து மேலதான் உங்க ஆட்சேபம். அருமை! இப்படிப் பிரிச்சுப் பாக்கத்தான் நாங்க பயிற்சியே குடுக்கறோம். இதுக்கு அனுமான ஆட்சேப மனுன்னு ஒண்ணு இருக்கு."

"குடுங்க, எழுதறேன்."

"சான்றிதழ் இருக்கறவங்கதான் எழுதலாம்."

"சான்றிதழுக்கு?"

"பரீட்சையில பாஸாகணும்."

"பாஸாகணும்னா?"

"ஏழாம் கேள்விக்குச் சரியான விடை எழுதணும்."

புருல்சா விரல்விட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். "அப்போ குதிரை அவனோடதுன்னு நான் என் கையால எழுதிக் குடுத்தா, அது என்னோடதுன்னு சொல்ல விடுவீங்க."

"எவ்வளவு தெளிவா சொல்லிட்டீங்க! பாதித் தர்க்கம் வந்துருச்சு எஜே."

நான் குறுக்கிட்டேன். "ஐயா, அந்தக் கேள்விய எழுதினதே நான்தான். சும்மா எழுதினேன். எனக்குத் தெரியாதா அது பொய்யின்னு?"

"நீங்க எழுதினப்ப சும்மா இருந்திருக்கலாம் பைகே. மூணு முத்திரை விழுந்தப்புறம் அது சும்மா இல்லை. முத்திரை சும்மா விழுமா? விழாது. விழுந்திருக்கா? விழுந்திருக்கு. முடிவ நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். வேறு வழியில்லை, கணக்கு வாத்தியார் அல்லவா.

புருல்சா பயிற்சி வகுப்பில் சேர்ந்து ஒரு வாரம் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மறுபரீட்சையில் ஏழாம் கேள்விக்கு 'சாரிம்சாக்குடையது' என்று எழுதி, பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்தும் போட்டாள். மாவட்டத்திலேயே பத்துக்குப் பத்து வாங்கிய ஒரே ஆள் அவள்தான். சான்றிதழை வாங்கிய கையோடு ஆட்சேப மனுவையும் கொடுத்தாள். நான்கு நாளில் பதில் வந்தது.

'மேற்படி குதிரை சாரிம்சாக்குக்கே சொந்தம் என்று மனுதாரர் தம் கைப்பட எழுதி ஒப்பமிட்டிருப்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது. எனினும் மனுதாரரின் தர்க்கத் திறனைப் பாராட்டி, ஆசிரியர் கெரிம்பாய்க்குப் பதிலாக அவரே இரண்டாம் பருவ வினாத்தாள் ஆசிரியராக நியமிக்கப்படுகிறார்.'

இதைப் படித்துவிட்டுப் புருல்சா சிரித்தாள். குதிரை போன நாளிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அன்றே முதல் கேள்வியை எழுதிவிட்டாள்: 'தோருபெல்லில் உள்ள சாம்பல் நிறப் பெட்டைக்குதிரைகள் எல்லாம் புருல்சாவுக்குச் சொந்தம். சாரிம்சாக்கின் கொட்டகையில் நிற்பது ஒரு சாம்பல் நிறப் பெட்டைக்குதிரை.' மீதி ஒன்பது கேள்விகள் காலியாக இருந்தன.

அங்கேதான் எங்கள் ஊரின் தர்க்கம் வேலை செய்யத் தொடங்கியது. மறுநாள் காலையிலேயே தோலோமுஷ் ஒரு தோல்பை நிறைய வெண்ணெயோடு அவள் வாசலில் நின்றார். கேள்விக்கு வெளியே உலகம் இருக்கிறது என்று வாதாடிய அதே மனிதர்.

"ரெண்டாம் கேள்வியில நம்ம பேரப் போடும்மா. ஆத்தோரத்துப் புல்வெளியெல்லாம் தோலோமுஷோடதுன்னு. சும்மா ஒரு உதாரணத்துக்குத்தான்."

"அது உங்க தம்பியோடதாச்சே பைகே."

"அது உலகத்துல. நான் கேள்வியச் சொல்றேன்."

பின்னாலேயே தம்பி வந்தார், வேறொரு புல்வெளிக்கு. ஒருவன் பக்கத்து வீட்டு ஆப்பிள் மரங்களுக்கு வந்தான். ஒருத்தி நாத்தனாரின் தையல் இயந்திரத்துக்கு வந்தாள். குதிரைக்காக அவளோடு சேர்ந்து கண்ணீர் விட்டவர்கள்தான் எல்லாரும். ரொட்டி, காய்ந்த தயிர் உருண்டை, ஆட்டுத் தொடை என்று முற்றம் நிறைந்தது. உலார்பெக் அசனோவிச்சும் காரில் வந்தார். ஏரிக்கரையில் ஒரு சின்ன மனை அவருக்கு உதாரணமாகத் தேவைப்பட்டது.

எல்லாரையும் எண்ணினேன், இருபத்து மூன்று பேர். என்னையும் சேர்த்தால் இருபத்து நான்கு. எனக்குப் பேராசை கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு முள்வேலித் தோட்டம் சும்மா கிடந்தது, அவ்வளவுதான். சொந்தக்காரன் ஊரில் இல்லை.

புருல்சா யாரையும் திட்டவில்லை, யாரிடமும் மறுக்கவுமில்லை. ஒவ்வொருவரிடமும், "பேரச் சரியா சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றாள். எழுத்துக்கூட்டிச் சொன்னோம். நான் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

வினாத்தாள் உலார்பெக்கின் மேசைக்குப் போனது. அவர் ஆறு வாரப் பயிற்சியில் கற்றபடி, கேள்வியின் உள்ளே போகாமல் முடிவு முறையாக வருகிறதா என்று மட்டும் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். மூன்று முத்திரையும் விழுந்தன. விடைத்தாள் எல்லாப் பிரிவுகளுக்கும் போனது. மறுவாரமே சாரிம்சாக் குதிரையை ஓட்டிவந்து ஒப்படைத்துவிட்டு, டாக்சியைக் கழுவி இனிப்பு வழங்கினான். புருல்சா தாயும் குட்டியுமாக மலைக்கு ஏறினாள். அந்த இருபத்து நான்கு பேரின் ரொட்டியும் ஆட்டுத் தொடையும்கூட மலைக்கு ஏறின.

அவள் போன மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர் எண் பொறித்த காதுவில்லைகள் நிறைந்த பெட்டியோடு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வாத்தியாரே, எந்தக் காதுல மாட்டட்டும்?"

அவர் கையிலிருந்த விடைத்தாளை வாங்கி இரண்டாம் கேள்வியைப் படித்தேன். 'அடுத்தவர் சொத்தை உதாரணமாகக் கேட்டு வந்தவர்கள் எல்லாம் கழுதைகள். கீழ்க்கண்டவர்கள் அவ்வாறு கேட்டு வந்தார்கள்.' அதன்கீழ் வந்த வரிசைப்படி இருபத்து நான்கு பெயர்கள். என் பெயர் மூன்றாவது, அப்பா பெயரோடு. கடைசிப் பெயர் உலார்பெக் அசனோவிச். 'அப்படியானால் இவர்கள் யார்?' என்பது கேள்வி. விடையைச் சொல்ல வேண்டியதில்லை. கால்நடைப் பதிவேட்டில் தோருபெல்லின் கழுதைகள் இரண்டிலிருந்து இருபத்தாறாகியிருந்தன. தடுப்பூசிக்கு எங்கள் எல்லாருக்கும் வியாழக்கிழமை.

மனைவி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தாள். "முடிவுல ஒரு தப்பும் இல்லையே" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

இருபத்து நான்கு பேரும் ஆட்சேப மனுவோடு மாவட்ட அலுவலகத்தில் கூடினோம். சான்றிதழ் கேட்டார்கள். புதிய பருவம் தொடங்கிவிட்டதால் பழைய சான்றிதழ் செல்லாது என்று உலார்பெக்கையும் எங்களோடு வரிசையில் நிறுத்திவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து பரீட்சை எழுதினோம். இரண்டாம் கேள்வி கட்டாயக் கேள்வி.

ஒருவர்கூட ஃபெயிலாகவில்லை.